கே.யு.பி. எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளை நிழல் சிறுநீரகக் கல்லா, கால்சியப் படிவா, வேறு ஏதாவதா?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. கே.யு.பி. என்பது சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றையும் பார்க்க எடுக்கும் வயிற்று எக்ஸ்ரே. அதில் வெள்ளையாகத் தெரிவது சிறுநீரகக் கல்லா, சிறுநீரகத் திசுவிலேயே படிந்த கால்சியமா, இரண்டுமில்லாத வேறொன்றா என்று எப்படிப் பிரித்தறிவது என்பது ஒன்று. ரிப்போர்ட்டில் கல் இல்லை என்று வந்தால் நம்பலாமா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது அங்கேதான். ரிப்போர்ட்டில் வழக்கமாக எழுதுவது "ரேடியோ ஒபேக் கல் எதுவும் தெரியவில்லை" என்று. ரேடியோ ஒபேக் என்றால் கதிரைத் தடுத்து வெள்ளை நிழல் விழச் செய்வது. அந்த வகைக் கல் இந்தப் படத்தில் தெரியவில்லை என்பதுதான் அந்த வாசகத்துக்குப் பொருள். கதிரைத் தடுக்காத கல்லோ, குடல் வாயுவுக்குப் பின்னால் மறைந்த கல்லோ, 2 மி.மீ. அளவுள்ள கல்லோ உள்ளே இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரே சிறுநீர்ப் பாதைக் கற்களைப் பிடிக்கும் திறன் 44 முதல் 77 சதவீதம்தான். விலாப்பக்கத்தில் தொடங்கித் தொடையிடுக்குவரை இறங்கும் வலியும், சிறுநீர்ப் பரிசோதனையில் ரத்தமும் இருக்கும் ஒருவரை, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஏன் இப்படி? எக்ஸ்ரே பார்ப்பது பெரும்பாலும் கால்சியத்தைத்தான். ஒரு பொருள் கதிரை உறிஞ்சும் அளவு, அதிலுள்ள தனிமங்களின் அணு எண் கூடக் கூட மிக வேகமாக ஏறும். கிட்டத்தட்ட அணு எண்ணின் மும்மடியாக. கால்சியத்துக்கு அணு எண் 20. யூரிக் அமிலக் கல்லில் இருப்பதோ கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன். சுற்றியிருக்கும் தசையும் ஏறக்குறைய இதே சரக்குதான். அதனால் யூரிக் அமிலக் கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் படத்தில் கரைந்துபோகும். சிஸ்டின் கல்லில் கந்தகம் இருக்கிறது, அணு எண் 16. ஆகவே தேய்த்த கண்ணாடிபோல மங்கலாக, ஒரே சீராகத் தெரியும். தொற்றால் உருவாகும் ஸ்ட்ருவைட்டில் மக்னீசியமும் பாஸ்பரஸும்தான் உண்டு. அது தனியாக இருந்தால் மங்கல்தான், ஆனால் நடைமுறையில் கால்சியம் பாஸ்பேட் அடுக்கடுக்காகக் கலந்து வருவதால் தெரிந்துவிடுகிறது. கால்சியம் ஆக்சலேட்டும் கால்சியம் பாஸ்பேட்டும் பளிச்சென்று விழும். கற்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கால்சியக் கற்கள் என்பதால்தான் இந்த எளிய பரிசோதனைக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. ராண்ட்ஜன் 1895-ல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த மறு ஆண்டே, கிளாஸ்கோவில் ஜான் மெக்கின்டயர் சிறுநீரகக் கல்லைப் படத்தில் காட்டிவிட்டார்.

இந்த மும்மடிக் கணக்கு கதிரின் ஆற்றல் குறைவாக இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். எனவே கே.யு.பி. படத்தை 65 முதல் 75 கிலோவோல்ட்டுக்குள் எடுப்பது நல்லது. உடல் பருமனானவர் என்று 90-க்கு மேல் ஏற்றினால் படம் வெளிறிப்போகாமல் வரும். ஆனால் மங்கலான கல்லுக்கும் தசைக்கும் இருந்த சிறு வேறுபாடும் போய்விடும். பருமனுக்கு ஈடுகட்ட வேண்டுமானால் கதிரின் அளவைக் கூட்ட வேண்டும், கிலோவோல்ட்டை அளவோடுதான் ஏற்ற வேண்டும்.

படத்தைக் கையில் எடுத்ததும் கல்லைத் தேடாதீர்கள். படம் படிக்கத் தகுந்ததா என்று முதலில் பாருங்கள். மேலே இரண்டு சிறுநீரகங்களின் மேல்முனையும், கீழே இடுப்பின் முன்பக்க எலும்பு இணையும் இடத்தின் கீழ்விளிம்பும் படத்துக்குள் இருக்க வேண்டும். கீழே இரண்டு விரற்கடை வெட்டுப்பட்டிருந்தால், சிறுநீர்ப்பையின் அடியிலும் சிறுநீர்த் தாரையிலும் உள்ள கல் படத்திலேயே இல்லை. மூச்சை முழுவதும் வெளியே விட்டு நிறுத்திய நிலையில் எடுத்திருக்க வேண்டும். மூச்சு ஓடிக்கொண்டிருந்தால் சிறுநீரகமும் அதோடு மேலும் கீழும் நகரும்; 3 மி.மீ. கல் நீண்ட மங்கலான கோடாகிக் காணாமல் போகும். முதுகெலும்பின் இரு பக்கமும் சாய்வாக இறங்கும் சோயாஸ் தசையின் ஓரம் தெரிகிறதா, சிறுநீரகத்தின் வெளிக்கோடு ஓரளவாவது தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் தெரிந்தால் படம் நல்ல படம். குடல் முழுக்க மலமும் வாயுவுமாக இருந்தால், அவசரமில்லாத நிலையில், முந்தைய இரவு மலமிளக்கி கொடுத்து மறுநாள் காலையில் எடுப்பதே முறை. வலியில் துடிப்பவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை; அங்கே நேராக அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கோ சி.டி.க்கோ போவதுதான் சரி.

இனி பாதை. சிறுநீரகம் கடைசி மார்பு முள்ளெலும்பிலிருந்து மூன்றாம் இடுப்பு முள்ளெலும்புவரை இருக்கும்; வலது சற்றுக் கீழே. நீளம் மூன்றிலிருந்து நான்கு முள்ளெலும்பு உயரம். அங்கிருந்து யூரேட்டர் என்னும் சிறுநீர்க்குழாய் இறங்கும் வழியைக் கண்ணாலேயே வரைந்து பழக வேண்டும். இடுப்பு முள்ளெலும்புகளின் பக்க முட்களுடைய நுனிகளை ஒட்டி நேராக இறங்கி, முதுகடி எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டின்மேல் குறுக்கிட்டு, இடுப்புக் குழிக்குள் வெளிப்பக்கமாக வளைந்து, இஸ்கியல் முள் என்ற கூர்மையான எலும்பு நீட்சியின் அருகே திரும்பி, உள்நோக்கி வந்து சிறுநீர்ப்பையில் சேர்கிறது. கல் சிக்கும் இடங்கள் மூன்று: சிறுநீரகப் பையிலிருந்து குழாய் தொடங்கும் இடம், இடுப்பு ரத்தக்குழாய்களைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். மூன்றாவதுதான் மிகக் குறுகலானது.

கல் தவறிப்போவது பெரும்பாலும் எலும்பின்மேல்தான். பக்க முள்ளின்மேலோ முதுகடி எலும்பின்மேலோ படியும் 4 மி.மீ. கல், வெள்ளைமேல் வெள்ளையாகக் கிடக்கும். அந்த இடங்களில் படத்தைப் பெரிதாக்கி, பிரகாசத்தை மாற்றி, இடது பக்க முள்ளையும் வலது பக்க முள்ளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் எலும்பின் ஓரத்தைவிட அடர்ந்த புள்ளி இருந்தால் அது எலும்பு என்று விட்டுவிடாதீர்கள். இந்த வேலையை செல்போனில் பிடித்து அனுப்பிய படத்தில் செய்யவே முடியாது. மூலப் படக் கோப்பு வேண்டும்.

கல்லின் வடிவமும் சேதி சொல்லும். மென்மையான விளிம்போடு மிக அடர்த்தியாக இருந்தால் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட்டாக இருக்கலாம். முள் முள்ளாகவோ முசுக்கட்டைப் பழம்போல முண்டு முண்டாகவோ இருந்தால் டைஹைட்ரேட் பக்கம் சாயலாம். சிறுநீரகப் பையையும், அதற்குள் சிறுநீரைச் சேர்க்கும் கேலிக்ஸ் கிண்ணங்களில் குறைந்தது இரண்டையும் நிரப்பி, மான்கொம்புபோலக் கிளைத்திருந்தால் ஸ்டாக்ஹார்ன். தொற்று இருக்கிறதா என்று சிறுநீர் வளர்ப்புப் பரிசோதனை அவசியம். கூர்ந்து பார்த்தால் வெங்காயத் தோல்போல அடுக்கு தெரியும். ஆனாலும் வடிவத்தை வைத்து வேதிப் பொருளை அடித்துச் சொல்ல வேண்டாம். கலப்புக் கற்கள் நிறைய.

எக்ஸ்ரேயில் தெரியாமல் சி.டி.யில் மட்டும் தெரிகிறது, அடர்த்தி 200 முதல் 450 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு, சிறுநீரின் பி.எச். 5.5-க்குக் கீழ் என்றால் யூரிக் அமிலக் கல்லென்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். இது நோயாளிக்கு நல்ல செய்தி. சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தாலேயே அந்தக் கல் கரையக்கூடும். எச்.ஐ.வி.க்கு முன்பு கொடுத்துவந்த இண்டினாவிர் மருந்தால் உண்டாகும் கல் போன்ற ஒரு சில மட்டும் சி.டி.யிலும் ஒளிந்துகொள்ளும்.

இப்போது கல்லைப்போல நடிப்பவை. இதில்தான் அனுபவம் பேசும்.

முதல் ஏமாற்று, இடுப்புக் குழியில் கிடக்கும் ஃபிளெபோலித். சிறு ரத்தநாளங்களில் உறைந்த ரத்தக்கட்டி நாளடைவில் கால்சியம் ஏறிக் கெட்டியானது. நடுத்தர வயதைக் கடந்தவர்களில் இது மிகச் சாதாரணம். பெரிதாக்கிப் பாருங்கள்: அழகான வட்டம், வழுவழுப்பான ஓரம், நடுவில் சிறிய கருமையான புள்ளி, ஒரு துளையிட்ட மணியைப் பார்ப்பதுபோல இருக்கும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும், இரு பக்கமும் இருக்கும், இரண்டு இஸ்கியல் முட்களையும் இணைக்கும் கோட்டுக்குக் கீழே, இடுப்புச் சுவரை ஒட்டியிருக்கும். யூரேட்டர் கல்லோ நீள்வட்டமாக அல்லது கோணலாக, நடுப்புள்ளி இல்லாமல், அந்தக் கோட்டுக்கு மேலேயோ உட்புறமாகவோ குழாயின் போக்கிலேயே படுத்திருக்கும். அரிசி மணி படுத்திருக்கும் திசையைப்போல, கல்லின் நீள அச்சு குழாயின் திசையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எல்லா ஃபிளெபோலித்திலும் நடுப்புள்ளி இருக்காது. பழைய படத்தில் அதே இடத்தில் அதே புள்ளி இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் சி.டி. கேட்க வேண்டும்: கல்லைச் சுற்றி வீங்கிய குழாய்ச் சுவர் ஒரு வளையமாகத் தெரியும், ஃபிளெபோலித்திலிருந்து அந்த ரத்தநாளம் வால்போல நீண்டிருக்கும்.

வலது மேல்பக்கத்தில் பித்தப்பைக் கல். பல கோணங்களாகப் பட்டை தீட்டியதுபோலவோ, ஓரம் வெள்ளையாக நடு கருப்பாகவோ இருக்கும். சந்தேகமென்றால் பக்கவாட்டுப் படம் ஒன்று போதும்: சிறுநீரகக் கல் முதுகெலும்பின்மேல் விழும், பித்தப்பைக் கல் அதற்கு வெகு முன்னால் விழும். விலாக் குருத்தெலும்பில் படியும் கால்சியமும் சிறுநீரகத்தின்மேல் வந்து உட்காரும். இதற்கு மூச்சை உள்ளிழுத்து ஒரு படம், வெளியே விட்டு ஒரு படம் எடுக்கலாம். மூச்சை இழுக்கும்போது சிறுநீரகம் கீழே இறங்கும், விலா மேலே ஏறும். நிழல் சிறுநீரகத்தோடு சேர்ந்து அதே இடைவெளியில் நகர்ந்தால் அது சிறுநீரகத்தைச் சேர்ந்தது. எதிர்த்திசையில் போனால் விலா. இத்தனை எளிதான சோதனையை ஏனோ அதிகம் பேர் செய்வதில்லை. 30 டிகிரி சாய்த்து எடுக்கும் படமும் உதவும். சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல் அதன் வெளிக்கோட்டைத் தாண்டி வெளியே வராது.

குடலைத் தாங்கும் சவ்விலுள்ள கால்சியமேறிய நிணநீர்க் கட்டிகள் புள்ளி புள்ளியாக, பெரும்பாலும் வலது கீழ்ப்பக்கத்தில் இருக்கும். படத்துக்குப் படம் தாராளமாக இடம் மாறும். கணையக் கால்சியம் முதுகெலும்பைக் குறுக்காகத் தாண்டும். மண்ணீரல் தமனி பாம்புபோல வளைந்த இரட்டைக் கோடு. கருப்பை நார்க்கட்டி சோளப்பொரிபோல. சற்று முன் விழுங்கிய கால்சியம் மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ குடலில் கல் மாதிரியே தெரியும். சில மணி நேரம் கழித்து எடுத்தால் நகர்ந்திருக்கும். பிட்டத்தில் போட்ட பழைய ஊசித் தழும்புகளின் கால்சியமும் இடுப்பெலும்பின்மேல் விழும். பாண்ட் பொத்தான், உள்ளாடைக் கொக்கி எல்லாம் படம் எடுக்குமுன்பே அகற்ற வேண்டியவை.

இனி சிறுநீரகத் திசுவில் படியும் கால்சியம். கல் என்பது சிறுநீர் ஓடும் இடத்தில், கேலிக்ஸிலோ பையிலோ குழாயிலோ கிடப்பது. படிவு என்பது சிறுநீரகத்தின் சதைக்குள்ளேயே இருப்பது. அதற்கு நெஃப்ரோகால்சினோசிஸ் என்று பெயர். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஒரு கல்லை உடைத்து எடுக்கலாம்; படிவை எடுக்க முடியாது. அதை உண்டாக்கிய காரணத்தைத்தான் தேட வேண்டும்.

பெரும்பாலான படிவு உட்பகுதியான மெடுல்லாவில்தான். சிறுநீரகத்தின் மெடுல்லா பல கூம்புகளால் ஆனது. எனவே வெள்ளைப் புள்ளிகள் கூம்பு கூம்பாகத் திரண்டு, வெளி விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே, வளைவாக அணிவகுத்து நிற்கும். ஓரம் சுத்தமாக இருக்க, உள்ளே பூங்கொத்துகளை வரிசையாக வைத்ததுபோல. இதைக் கண்டால் மூன்று காரணங்களை முதலில் நினைக்க வேண்டும்: ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் மிகைச் செயல்பாடு, சிறுநீரகம் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாத முதல் வகை ரீனல் டியூபுலார் அசிடோசிஸ், மெடுல்லாவின் சிறு குழல்கள் விரிந்துபோகும் மெடுல்லரி ஸ்பான்ஜ் கிட்னி. அசிடோசிஸில் படிவு மிக அடர்த்தியாக, இரு பக்கமும் ஒரே மாதிரி, எல்லாக் கூம்புகளிலும் இருக்கும். ஸ்பான்ஜ் கிட்னியில் ஒரு பக்கம் மட்டுமோ ஒரு பகுதி மட்டுமோ இருக்கலாம். அங்கே கால்சியம் உண்மையில் விரிந்துபோன சிறு குழல்களுக்குள் மணிகளாகக் கிடக்கிறது, அவற்றிலொன்று நழுவிக் கேலிக்ஸில் விழுந்தால் சாதாரணக் கல் வலிதான். வைட்டமின் டி அளவுமீறி எடுத்தவர்கள், சார்காய்டோசிஸ் என்னும் அழற்சி நோய் உள்ளவர்கள், சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூஸமைட் மருந்து நெடுநாள் பெற்ற குறைமாதக் குழந்தைகள் ஆகியோரிடமும் காணலாம். எக்ஸ்ரேயில் இந்த அமைப்பைக் கண்ட பிறகு ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், பைகார்பனேட், பாராதைராய்டு ஹார்மோன் பார்க்காமல் விடுவது பெரிய தவறு. அறுவையில் குணமாகும் ஒரு பாராதைராய்டு கட்டி அங்கே ஒளிந்திருக்கக்கூடும்.

வெளிப்பகுதியான கார்டெக்ஸில் படிவது அரிது. அப்போது சிறுநீரகத்தின் ஓரத்திலேயே மெல்லிய வெள்ளைக் கோடு, சில சமயம் ரயில் தண்டவாளம்போல இரண்டு இணைகோடுகள். பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு போன்றவற்றால் வெளிப்பகுதி செத்துப்போவது, நாட்பட்ட குளோமெருலோநெஃப்ரைடிஸ் (சிறுநீரக வடிகட்டிகளின் அழற்சி), ஆக்சலோசிஸ் (உடலில் ஆக்சலேட் மிகுந்து படிவது), மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடல் ஏற்காமை ஆகியவை காரணங்கள். சிறுநீரகம் சுருங்கியும் இருக்கும்.

கூம்பின் நுனி செத்து உதிரும் பாப்பில்லரி நெக்ரோசிஸில், முக்கோணமான, ஓரம் வெள்ளையாக நடு வெறுமையான வளையம் தெரியும். நீரிழிவும் நெடுங்கால வலிநிவாரணிப் பழக்கமும் இதற்கு முக்கிய காரணங்கள்.

ஒரே இடத்தில் குவிந்த கால்சியம்தான் அதிகக் கவனம் கேட்பது. சிறுநீரகப் புற்றுக் கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் எக்ஸ்ரேயிலேயே கால்சியம் தெரியும். கட்டியின் நடுவில் ஒழுங்கற்றுச் சிதறியிருந்தால் புற்று என்ற சந்தேகம் வலுவானது. ஓரத்தில் மட்டும் முட்டை ஓடுபோல இருந்தால் நீர்க்கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஓட்டைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது, புற்றுக் கட்டியும் அப்படி வரும். காசநோயில் முதலில் மங்கலான புகைபோன்ற படிவு, முற்றினால் சிறுநீரகம் முழுவதும் மடல் மடலாகச் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிடும். அந்தச் சிறுநீரகம் வேலை செய்யாது. சிறுநீர்ப்பையின் சுவர் முழுவதும் மெல்லிய கோடாக வெள்ளை படிந்திருந்தால் ஸ்கிஸ்டோசோமியாசிஸ் என்னும் ஒட்டுண்ணிப் புழு நோயை நினைக்க வேண்டும். காசநோய் சிறுநீரகத்தில் தொடங்கிக் கீழே இறங்குவது. ஸ்கிஸ்டோசோமியாசிஸ் சிறுநீர்ப்பையில் தொடங்கி மேலே ஏறுவது. சிறுநீரக வாயிலில் முழுமையடையாத ஒரு வளையம் தெரிந்தால், கல் என்று உடைக்கப் போகுமுன் அது தமனி வீக்கமா என்று பாருங்கள்.

படுத்த படத்தில் வட்டமான மங்கலான கல்போலத் தெரிந்தது, நிற்கவைத்து எடுத்தால் மேல்பக்கம் தட்டையான பிறைநிலாவாக மாறுகிறது என்றால், அது கல்லே இல்லை. சிறுநீரகத்தின் சிறு பை ஒன்றில் சுண்ணாம்புத் துகள் கலங்கலாக நின்று, டம்ளரில் வண்டல் இறங்குவதுபோல அடியில் படிந்திருக்கிறது. மில்க் ஆஃப் கால்சியம் என்பார்கள். அதிர்வலையால் உடைக்க அதில் ஒன்றுமே இல்லை. வீணான சிகிச்சையை ஒரு படம் தடுத்துவிடும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக: எக்ஸ்ரே உண்மை அளவைவிடச் சற்றுப் பெரிதாகக் காட்டும். ஆகவே சி.டி.யில் 6 மி.மீ. என்றும் பிறகு எக்ஸ்ரேயில் 7 மி.மீ. என்றும் வந்தால் கல் வளர்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். எக்ஸ்ரேயை எக்ஸ்ரேயோடுதான் ஒப்பிட வேண்டும். 4 மி.மீ.க்கு உட்பட்டவை பெரும்பாலும் தானே இறங்கிவிடும், 10 மி.மீ.க்கு மேற்பட்டவை இறங்குவது அரிது.

அப்படியானால் எல்லோருக்கும் சி.டி.யே எடுத்துவிடலாமே என்றால், முதல் முறை நோயைக் கண்டுபிடிக்க மாறுபொருள் செலுத்தாத சி.டி.க்கு ஈடில்லை, குறைந்த கதிர் அளவில் எடுத்தால் 3 மில்லிசீவர்ட்டுக்குள் முடியும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அல்ட்ராசவுண்ட்தான் முதலில். எக்ஸ்ரேயின் உண்மையான பலம் தொடர் கண்காணிப்பு. 1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவான கதிரில் கல் எங்கே இறங்கியிருக்கிறது என்று மறுபடி மறுபடி பார்க்கலாம். ஆனால் இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: சி.டி.யில் கல் தெரிந்த அன்றே ஒரு கே.யு.பி. எக்ஸ்ரேயும் எடுத்து, இந்தக் கல் எக்ஸ்ரேயில் தெரியும் வகையா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். சி.டி. தொடங்குமுன் இடம் குறிக்க எடுக்கும் முதல் திட்டப் படத்திலேயே கல் தெரிந்தால் எக்ஸ்ரேயிலும் தெரியும் என்று கொள்ளலாம். இந்த ஒரு படியைத் தவறவிட்டால், இரண்டு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாதபோது, கல் வெளியேறியதா, தொடக்கத்திலிருந்தே தெரியாத கல்லா என்று யாராலும் சொல்ல முடியாது. வலி நின்றுவிட்டது என்பதும் ஆதாரமாகாது. குழாயை முழுதாக அடைத்த கல்லும் சில நாளில் வலியை நிறுத்திவிடும், அதற்குள் சிறுநீரகம் வீங்கிக் கெட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்து வீக்கம் இறங்கியதா என்று பார்த்துவிட வேண்டும். குளிர்க் காய்ச்சலோடு விலாப்பக்க வலி வந்தாலோ, படத்தில் சிறுநீரகத்தின் மேல் வாயுக் குமிழிகள் சிதறித் தெரிந்தாலோ காத்திருக்கவே கூடாது. முன்னது அடைப்புக்குப் பின்னால் தேங்கிய சீழாக இருக்கலாம். பின்னது, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களிடம், உயிருக்கே ஆபத்தான சிறுநீரகத் தொற்றின் அடையாளம். இரண்டுக்கும் அன்றைக்கே மருத்துவமனை.